பெயர் தெரியாதபோது பணம் சற்றுப் பொறுக்கட்டும்

வங்கிக் கணக்கிலிருந்து இன்னொருவருக்குப் பணம் அனுப்பும்போது நாம் ஒரு பெயரை நினைத்துக்கொண்டு ஓர் எண்ணை எழுதுகிறோம். மகள் படிக்கும் கல்லூரி, வீடு கட்டித்தரும் ஒப்பந்ததாரர், ஊரில் இருக்கும் அண்ணன் என்று நம் மனத்தில் இருப்பது பெயர். கணினியிடம் போய்ச் சேர்வதோ வெறும் எண். இவ்விரண்டும் ஒருவரையே குறிக்கின்றனவா என்று பார்த்துச் சொல்ல நெடுங்காலம் நம் நாட்டில் பொதுவான வழி ஏதும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. ஆயினும் அந்த வழி சில நேரங்களில் விடை தராமல் நின்றுவிடுகிறது. அப்போது வங்கி என்ன சொல்ல வேண்டும், வாடிக்கையாளர் என்ன செய்ய வேண்டும் என்பது குறித்து நம் கருத்தை இங்கே முன்வைக்கிறோம்.

எண்ணை மட்டும் நம்பிய காலம்

ஆர்.டி.ஜி.எஸ். முறை 2004-ஆம் ஆண்டிலும் நெஃப்ட் முறை 2005-ஆம் ஆண்டிலும் நடைமுறைக்கு வந்தன. இரண்டிலும் பணம் பெறுபவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும். ஆனால் அந்தப் பெயர் பெரும்பாலும் படிவத்தை நிரப்பவே பயன்பட்டது. கணக்கு எண்ணை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு வரவு வைக்கலாம் என்றும், சரியான எண்ணைத் தர வேண்டிய பொறுப்பு பணம் அனுப்புபவருடையது என்றும் ரிசர்வ் வங்கி 2010 அக்டோபரில் வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியது. அதற்குக் காரணமும் உண்டு. ஒரே பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதும் நாட்டில், ஒவ்வொரு பரிமாற்றத்திலும் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் உரிய பணமும் வழியிலேயே தேங்கிவிடும்.

இதன் விளைவு என்ன? தவறாக எழுதிய எண்ணில் எந்தக் கணக்கும் இல்லையென்றால் பணம் திரும்பிவிடும். வரவு வைக்க இயலாத நெஃப்ட் தொகையை, அது சேர்ந்த தொகுதி தீர்வான 2 மணி நேரத்துக்குள் திருப்ப வேண்டும் என்பது விதி. ஆனால் தவறிய எண் வேறொருவருடைய கணக்காக இருந்துவிட்டால் பணம் அங்கே அமைதியாகச் சேர்ந்துவிடும். இல்லாத எண் நம்மைக் காப்பாற்றும். பிறருடைய எண் காப்பாற்றாது. தவறுதலாக வந்த பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 72-ஆம் பிரிவில் கூறுகிறது. எனினும் அவர் மனமுவந்து தராவிட்டால், விண்ணப்பம், கடிதம், வழக்கு என்று நாம் அலைய வேண்டியிருக்கும்.

புதிதாக வந்த வசதி

இந்தக் குறையைப் போக்கவே பயனாளியின் பெயரைத் தேடிக் காட்டும் வசதியை ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று விரிவான ஆணை வந்தது. என்.பி.சி.ஐ. எனப்படும் இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் இதை உருவாக்க வேண்டும், நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில் உள்ள வங்கிகள் 2025 ஏப்ரல் 1-க்குள் இணையவழி, கைபேசிச் செயலி, கிளை ஆகியவற்றின் வழியே இதைக் கட்டணமின்றி வழங்க வேண்டும் என்பது அந்த ஆணை. யு.பி.ஐ. முறையிலும், வாடிக்கையாளர் தாமே வைத்துக்கொண்ட புனைபெயரையோ கைபேசியில் சேமித்த பெயரையோ காட்டாமல், வங்கிப் பதிவேட்டில் உள்ள பெயரையே செயலிகள் காட்ட வேண்டும் என்று 2025 ஜூன் 30-ஐக் கெடுவாக வைத்து என்.பி.சி.ஐ. பணித்தது.

வசதி செயல்படும் விதம் எளிது. நாம் கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் தருகிறோம். நம் வங்கி அந்தக் கேள்வியைப் பணம் பெறுபவரின் வங்கிக்கு அனுப்புகிறது. அந்த வங்கி தன் பதிவேட்டைப் பார்த்துப் பெயரைச் சொல்கிறது. பெயர் திரையில் தெரிந்த பின் நாம் பணத்தை அனுப்புகிறோம். ஒரு பெரிய ஊரின் முகவரிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பது போன்ற வேலைதான் இது. ஆனால் அந்தப் புத்தகம் ஓரிடத்தில் இல்லை. ஒவ்வொரு வங்கியிடமும் அதன் பக்கங்கள் இருக்கின்றன. கேட்கும் வங்கி, நடுவில் உள்ள இணைப்பு, விடை சொல்லும் வங்கி ஆகிய மூன்றும் அந்த நொடியில் விழித்திருந்தால்தான் பெயர் கிடைக்கும்.

‘இல்லை’ வேறு, ‘தெரியவில்லை’ வேறு

பெயர் கிடைக்காமல் போவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அந்த எண்ணில் கணக்கே இல்லை என்பது ஒன்று. கணக்கு இருக்கிறதா இல்லையா என்று கேட்டறியவே முடியவில்லை என்பது மற்றொன்று. பணம் பெறுபவரின் வங்கியில் கணினி பராமரிப்புப் பணி நடக்கலாம், இணைப்பு அறுந்திருக்கலாம், விடை குறித்த நேரத்துக்குள் வராமல் போயிருக்கலாம். முதலாவது ஒரு முடிவான விடை. இரண்டாவது விடையே அன்று.

இந்த வேறுபாட்டைக் கணினித் துறை நெடுநாளாக அறியும். இணையத்தில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்தால் அதற்குரிய எண் முகவரியைத் தேடித் தருவது டி.என்.எஸ். என்னும் பெயர் அடைவு. பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1983-இல் அதை வடிவமைத்தார். 1987-இல் வகுக்கப்பட்ட அதன் விதிகளில் பிழைகளுக்குத் தனித்தனி எண்கள் தரப்பட்டுள்ளன. எண் 2 என்றால் சேவையகத்தால் விடை தர இயலவில்லை. எண் 3 என்றால் அப்படியொரு பெயரே இல்லை. நல்ல மென்பொருள் முதல் வகைக்குச் சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்கும். இரண்டாம் வகைக்கு எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால், இருக்கும் தளத்தை இல்லை என்று சொல்லிவிடும்.

இணையத்தில் இந்தக் குழப்பம் நேர்ந்தால் ஒரு பக்கம் திறக்காது, அவ்வளவுதான். வங்கியில் நேர்ந்தால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு இடம் மாறிவிடும். ஆகவே ‘விவரம் கிடைக்கவில்லை, தொடரவா?’ என்னும் ஒற்றை வரியை இரு நிலைகளுக்கும் பொதுவாகக் காட்டுவது போதாது என்பது நம் உறுதியான கருத்து. கணக்கே இல்லாத நிலையில் வாடிக்கையாளர் எண்ணைத் திருத்த வேண்டும். கேட்க முடியாத நிலையில் அவர் காத்திருக்க வேண்டும். ஒரே வரியைப் படிக்கும் ஒருவர் இவற்றில் எதைச் செய்வது என்று எப்படி அறிவார்?

பிரிட்டனில் 2020 முதல் நடைமுறையில் இருக்கும் பெயர் சரிபார்ப்பு முறை இதில் ஒரு பாடம் தருகிறது. அங்கே வாடிக்கையாளர் பெயரையும் எழுதுவார். பொருந்துகிறது, ஏறக்குறையப் பொருந்துகிறது, பொருந்தவில்லை, சரிபார்க்க இயலவில்லை என நான்கு வகையாக விடை வரும். நம் முறை பெயரையே காட்டிவிடுவதால் ஒரு விதத்தில் அதைவிட எளிது. ஆனால் சரிபார்க்க இயலாமையைத் தனி விடையாகச் சொல்லும் நேர்மையை நாமும் ஏற்றுக்கொள்ளலாம்.

பெயர் வந்தும் புதிராக இருந்தால்

இன்னொரு சிக்கல் நம் பெயர்களிலேயே இருக்கிறது. தமிழர்களுக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னெழுத்து. மும்பையிலோ தில்லியிலோ கணக்குத் தொடங்கிய தமிழர் ஒருவர், படிவத்தில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் தந்தையின் முழுப்பெயரை எழுதியிருப்பார். ‘கே. முருகேசன்’ என்று நாம் அறிந்தவர் வங்கிப் பதிவேட்டில் ‘முருகேசன் கந்தசாமி’ என்றும், சில இடங்களில் ‘கந்தசாமி முருகேசன்’ என்றும் இருப்பார். ‘ழ’கரம் உள்ள பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதில் ஆளுக்கொரு வழக்கம். முகமது என்னும் பெயரின் எழுத்து வடிவங்களும் பல. திருமணத்துக்குப் பின் பெயர் மாறியவர்கள் உண்டு. கடையின் பெயர்ப்பலகையில் ஒரு பெயரும் கணக்கில் உரிமையாளர் பெயரும் இருப்பது அன்றாடக் காட்சி.

இவை எதுவும் மோசடி அல்ல. ஆனால் எது இயல்பான வேறுபாடு, எது அயலாரின் கணக்கு என்று பிரித்தறிய வேண்டிய சுமை பணம் அனுப்புபவர் மேல் விழுகிறது. பணம் பெறுபவர்கள் இதில் பெரிதும் உதவலாம். கணக்கு எண்ணைத் தரும்போதே வங்கிப் புத்தகத்தில் உள்ளபடி பெயரையும் எழுத்துப் பிசகாமல் எழுதித் தருவதை நாம் ஒரு பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கடைக்காரர்கள் விலைச்சீட்டிலேயே அதை அச்சிடலாம். ஆதார், வருமான வரிக் கணக்கு அட்டை, வங்கிப் பதிவேடு ஆகியவற்றில் பெயர் வெவ்வேறாக இருந்தால், உரிய சான்றுகளுடன் கிளைக்குச் சென்று ஒருமுகப்படுத்திக்கொள்வது பிற்காலத்தில் பல அலைச்சல்களைத் தவிர்க்கும்.

யாருடைய பொறுப்பு?

பெயரைக் காட்ட இயலாவிட்டால் பணம் அனுப்புவதா வேண்டாமா என்பதை வாடிக்கையாளரே தம் விருப்பப்படி முடிவு செய்துகொள்ளலாம் என்கிறது ரிசர்வ் வங்கியின் ஆணை. இது சரியான ஏற்பாடே. மருத்துவமனையில் முன்பணம் கட்ட வேண்டியவரையும் கல்லூரிக் கட்டணத்தின் கடைசி நாளில் நிற்பவரையும், வேறொரு வங்கியின் கணினி உறங்குகிறது என்பதற்காகத் தடுத்து நிறுத்துவது நியாயமாகாது. ஆனால் ஒருவரிடம் முடிவை ஒப்படைத்தால், அந்த முடிவுக்கு வேண்டிய செய்தியையும் அவரிடம் கொடுத்தாக வேண்டும். செய்தியைத் தராமல் விருப்பத்தை மட்டும் தருவது, பொறுப்பை அவர் தலையில் இறக்கிவைப்பதாகவே முடியும்.

ஆகவே வங்கிகள் மூன்றைச் செய்ய வேண்டும் என்று கருதுகிறோம். பெயர் கிடைக்காத காரணத்தை வாடிக்கையாளரின் மொழியில், ஒரே வாசகத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும்: ‘இந்த எண்ணில் கணக்கு இல்லை’, அல்லது ‘அந்த வங்கியிடமிருந்து இப்போது விடை வரவில்லை, சற்று நேரம் கழித்து முயலுங்கள்’. அடுத்து, ‘தொடர்க’ என்னும் பொத்தானுக்கு அருகிலேயே ‘மீண்டும் தேடுக’ என்பதும் அதே அளவில் இருக்க வேண்டும். மூன்றாவதாக, தேடலுக்கு உரிய தனி எண்ணை வாடிக்கையாளர் எளிதில் குறித்துவைத்துக்கொள்ளுமாறு காட்ட வேண்டும். இந்த வசதிக்கான தரவுகளை என்.பி.சி.ஐ. சேமித்து வைப்பதில்லை. பிணக்கு எழுந்தால் இரு வங்கிகளும் அந்தத் தேடல் எண்ணையும் தத்தம் பதிவுகளையும் கொண்டே தீர்க்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

வாடிக்கையாளர் செய்யத்தக்கவை

பெயர் தெரியாதபோது அவசரம் இல்லாத பணத்தை நிறுத்திவையுங்கள். சிறிது நேரம் கழித்தோ மறுநாளோ மீண்டும் தேடுங்கள். அவசரம் என்றால், சிறு தொகை ஒன்றை முதலில் அனுப்பிவிட்டு, நீங்கள் ஏற்கெனவே அறிந்த தொலைபேசி எண்ணில் உரியவரை அழைத்து வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள். கணக்கு எண்ணை அனுப்பிய அதே செய்தியில் தரப்பட்டுள்ள எண்ணை அழைப்பதில் பயனில்லை.

ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் ஒரு முறை பாருங்கள். 11 எழுத்துகளும் எண்களும் கொண்ட அந்தக் குறியீட்டின் முதல் 4 எழுத்துகள் வங்கியையும், இறுதி 6 இடங்கள் கிளையையும் குறிக்கும். ஐந்தாம் இடத்தில் இருப்பது சுழியம், ஆங்கில எழுத்து அன்று. 2019, 2020 ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் பல இணைந்தபின் அவ்வங்கிகளின் பழைய குறியீடுகள் மாறின. பழைய காசோலைப் புத்தகத்தைப் பார்த்து எழுதிய குறியீடு தேடலைத் தோல்வியுறச் செய்யலாம்.

உங்கள் பயனாளிப் பட்டியலில் 2025-க்கு முன் சேர்த்த பெயர்கள் பெரும்பாலும் நீங்களே தட்டச்சு செய்தவை; எந்த வங்கியும் உறுதிசெய்தவை அல்ல. பெருந்தொகை அனுப்புமுன் அந்த விவரங்களைப் புதிதாக உள்ளிட்டு ஒரு முறை தேடிப் பார்ப்பது நல்லது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பெயர் பொருந்திவிட்டது என்பது அந்த மனிதர் நேர்மையானவர் என்பதற்குச் சான்று ஆகாது. மோசடிக்காரர்கள் பயன்படுத்தும் வாடகைக் கணக்குகளுக்கும் பெயர் உண்டு. ‘பெயர் வேறாகக் காட்டும், அது எங்கள் கணக்காளர் பெயர்தான்’ என்றோ, ‘சர்வர் கோளாறு, பரவாயில்லை, அனுப்புங்கள்’ என்றோ மறுமுனையில் ஒருவர் அவசரப்படுத்தினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் நேரத்தை வீணாக்காமல் உங்கள் வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன் முடக்க முடிந்தால்தான் மீட்கும் வாய்ப்பு இருக்கும்.

பணத்தை நொடியில் அனுப்பும் வசதியை நம் நாடு பெற்றுவிட்டது. அனுப்புமுன் ‘யாருக்கு?’ என்று கேட்கும் வசதியும் இப்போது வந்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை வராதபோது, வரவில்லை என்பதையும் ஏன் வரவில்லை என்பதையும் வங்கிகள் மறைக்காமல் சொல்லட்டும். அதைக் கேட்டுச் சற்றுப் பொறுத்திருக்க வாடிக்கையாளர்களாகிய நாமும் பழகிக்கொள்வோம்.