மாணவரும் மாநகர உறைவிடமும்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் நாட்டார் நாவில் நெடுங்காலமாய் வழங்கிவரும் பழமொழி. மனையும் மக்களும் உடைய இல்லறத்தார்க்கு இஃது ஏற்புடைய மொழியே. ஆயின், பெற்றோரைப் பிரிந்து, கடல் கடந்து, முன்பின் அறியாத ஒரு மாநகரில் ஓராண்டோ மூவாண்டோ தங்கிப் பயிலச் செல்லும் மாணவர்க்கும் இது பொருந்துமோ என்பது ஆராயத்தக்கது. நம் கல்லூரியில் பட்டம் பெற்று மேற்படிப்பின்பொருட்டு லண்டன் செல்ல விழைவோர் இந்நாளில் பலர். எப்பாடத்தை எப்பல்கலைக்கழகத்தில் பயில்வது என்பதை அவர்கள் பல திங்கள் ஆராய்கின்றனர். எங்கே தங்குவது என்பதையோ, கைபேசியில் காணும் படங்களைக் கொண்டு ஓரிரவில் முடிவு செய்துவிடுகின்றனர். உறைவிடம் கல்விக்குப் புறம்பானதொரு சௌகரியமன்று. கல்வியின் ஓர் உறுப்பேயாம். ஆதலின் அதனைத் தேர்வதில் அறையின் அழகைக் காட்டிலும், உடன் வாழ்வாரின் கூட்டுறவே முதன்மையாகக் கருதற்பாலது என்பது நமது துணிபு.

லண்டனில் மாணவர்க்கென்றே கட்டப்பெற்ற உறைவிடங்கள் இரு திறத்தன. ஒன்று, பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தம் பொறுப்பில் வழங்குவன. லண்டன் பல்கலைக்கழகத்தின் பொது மண்டபங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. 2016 ஆம் ஆண்டில் கார்ட்ரைட் கார்டன்ஸ் என்னுமிடத்தில் திறக்கப்பெற்ற கார்டன் ஹால்ஸ் அவற்றுள் ஒன்று. வெவ்வேறு கல்லூரிகளின் மாணவர் அங்கு ஒருங்கே வாழ்கின்றனர். மற்றொன்று, தனியார் நிறுவனங்கள் இலாபங் கருதிக் கட்டி வாடகைக்கு விடுவன. இத்துறையில் பெருநிறுவனமாய் விளங்கும் யுனைட் 1991 ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரில் தோன்றியது. 2020 ஆம் ஆண்டில் ஐகியூ என்னும் மாணவர் விடுதி நிறுவனத்தைப் பிளாக்ஸ்டோன் என்னும் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஏறக்குறைய 466 கோடி பவுன் கொடுத்து வாங்கிற்று. இத்துணைப் பெரும்பொருளை முதலீட்டாளர் இடுவது அறங்கருதியன்று என்பது வெளிப்படை. இதனைக் குற்றமாகக் கூறுகின்றோமில்லை. வணிகர் தம் சரக்கை அழகுபடுத்திக் காட்டுதல் இயல்பு. வாங்குவோர் அதனை ஆராய்தல் கடமை. சந்தையில் ஒரு மண்சட்டியையும் தட்டிப் பார்த்து வாங்கும் நாட்டிலன்றோ நாம் பிறந்தோம்!

இவ்விடங்களில் உள்ள அறைகள் பெரும்பாலும் மூவகைப்படும். படுக்கையறை மட்டும் தனியாகவும், குளியலறையும் சமையலறையும் பொதுவாகவும் அமைந்தது ஒன்று. தனிக் குளியலறையோடு கூடிய அறையில் தங்கி, ஒரு சமையலறையை மட்டும் ஐந்தாறு பேர் பகிர்ந்துகொள்வது மற்றொன்று. படுக்கை, குளியல், அடுப்பு ஆகிய யாவும் ஒரே கதவுக்குள் அடங்கிய ஸ்டூடியோ மூன்றாவது. வாடகையும் பொதுவாக இவ்வரிசைப்படியே ஏறிச் செல்லும். நம் மாணவரிற் பலர், செலவு மிகினும் ஸ்டூடியோவே மேலென எண்ணுகின்றனர். "எவர் தொல்லையும் இராது" என்பது அவர் கூறும் காரணம். அத்தொல்லையின்மையே பெருந்தொல்லையாய் முடிதலும் கூடும். இதனை ஆராயுமுன், எவ்வறையைத் தேர்வார்க்கும் பொதுவான இரண்டினை முதலிற் கூறுவோம்.

முதலாவது, ஒப்பந்தம். அறையின் படத்தை நூறு முறை பார்ப்போர் ஒப்பந்தத்தை ஒரு முறையேனும் முற்றும் படிப்பதில்லை. வாடகை வாரக் கணக்கிற் சொல்லப்படுமாதலின் சிறிதெனத் தோன்றும். எத்தனை வாரம் என்பதே உண்மை விலையைக் காட்டுவது. வாரம் 300 பவுன் வாடகை என வைத்துக்கொள்வோம். 44 வார ஒப்பந்தமாயின் 13,200 பவுன். 51 வார ஒப்பந்தமாயின் 15,300 பவுன். வேறுபாடு 2,100 பவுன். படிப்பு முடிந்து ஊர் திரும்பிய பின்னரும் பூட்டிய அறைக்கு வாடகை செலுத்துவோர் உண்டு. நிலத்தை ஈடு வைத்தும், வங்கியிற் கடன் பெற்றும் மகனையோ மகளையோ அனுப்பும் குடும்பத்திற்கு இஃது எளிய தொகையன்று.

ஒருமுறை கையொப்பமிட்டால் இடையில் விலகுதல் அரிது. 2025 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டம், இங்கிலாந்தின் பொதுவான வாடகை வீடுகளில் குறித்த தவணை ஒப்பந்தங்களை ஒழிக்க வகை செய்தது. ஆயினும், அரசு ஏற்ற நடத்தை விதிகளிற் சேர்ந்த மாணவர் விடுதிகளுக்கு விலக்குப் பெற வழியும் வைத்தது. ஆகவே, விசா மறுக்கப்பட்டால், அல்லது பல்கலைக்கழகத்தில் இடம் கிடையாதொழிந்தால், ஒப்பந்தம் நீங்குமா என்பதை எழுத்து மூலம் கேட்டறிதல் வேண்டும். அந்நாட்டில் வாழும் ஒருவரை ஜாமீனாகக் காட்டுமாறு கேட்பதும், இயலாதார் பல மாத வாடகையை முன்னரே செலுத்துமாறு பணிப்பதும் வழக்கம். இதற்கு வேண்டும் பொருளை முன்னரே கணக்கிடுக. 2019 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டணச் சட்டத்தின்படி, ஆண்டு வாடகை 50,000 பவுனுக்குக் குறைந்த இடங்களில் ஐந்து வார வாடகைக்கு மேல் ஈட்டுப்பணமும், அறையைப் பிடித்து வைக்க ஒரு வார வாடகைக்கு மேல் முன்பணமும் கேட்டல் கூடாது. இவ்வளவும் அறிந்து கேட்கும் மாணவரை எவரும் எளிதில் ஏய்க்கமாட்டார். நேரிற் கண்டறியாத தனியொருவர்க்குப் பணம் அனுப்புதல் எக்காலத்தும் தவிர்க்கத்தக்கது.

இரண்டாவது, வழி. 1888 ஆம் ஆண்டில் சட்டம் பயில லண்டன் சென்ற காந்தியடிகள், செலவைச் சுருக்க எண்ணி, தாம் செல்லவேண்டிய இடங்களை அரைமணி நேரத்தில் நடந்து சேரத்தக்கவாறு அறைகளைத் தேர்ந்ததாகத் தம் சுயசரிதையிற் கூறியுள்ளார். வண்டிக் கூலி மிஞ்சியது. நடையினால் உடல் நலமும் பெருகிற்று. ஒன்றேகால் நூற்றாண்டு கடந்தும் இவ்விதி பழுதுபடவில்லை. இந்நாளில் பதினெட்டு வயது நிரம்பிய மாணவர்க்குரிய ஆய்ஸ்டர் அட்டை, வாரத்திற்கோ மாதத்திற்கோ பெறும் பயணச்சீட்டில் நூற்றுக்கு முப்பது தள்ளுபடி தருகின்றது; ஆயினும், நகரின் நடு மண்டலத்தினின்று விலகுந்தோறும் கூலியும் காலமும் ஏறும். புறநகரில் வாடகை குறைவென்று மகிழ்வோர் அதனோடு பயணச் செலவைக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். டிசம்பர்த் திங்களில் அங்கு மாலை நான்கு மணிக்கு முன்னரே கதிரவன் மறைவான். நூல்நிலையத்தினின்று இருளிலும் குளிரிலும் ஒரு மணி நேரம் பயணம் செய்யவேண்டியவர், நாளடைவில் நூல்நிலையம் செல்வதையே குறைத்துக்கொள்வார்.

நிற்க. ஒப்பந்தமும் வழியும் செவ்வனே அமைந்த பின்னர் எஞ்சி நிற்பது, யாரோடு வாழ்வது என்பது. இதுவே தலையாயது. முற்காலத்தில் லண்டன் சென்ற இந்திய மாணவர், நிறத்தைக் கண்டு கதவடைக்கும் வீட்டுக்காரரிடையே இடந்தேடி அலைந்தனர். அந்நிலையிலே, 1920 ஆம் ஆண்டில் இந்திய ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தார் லண்டனில் இந்திய மாணவர்க்கென ஓர் இல்லம் நிறுவினர். அவ்வியக்கத்திற்கு அந்நாளில் பொதுச் செயலாளராய் விளங்கியவர், சேலத்திற் பிறந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்ற கே. டி. பால் ஆவர். மழைக்கு ஒதுங்க ஒரு கூரை அளிப்பதோடு அவ்வில்லம் நின்றதில்லை. உடன் உண்ணவும், உரையாடவும், இந்தியரும் ஆங்கிலேயரும் ஒருவரையொருவர் அறியவும் அஃது இடந்தந்தது. அக்கல்லூரி 1937 ஆம் ஆண்டில் தாம்பரத்திற்குப் பெயர்ந்தபோதும், விடுதி வாழ்வைக் கல்வியின் பகுதியாகக் கருதியே சேலையூர், தூய தோமா, பிஷப் ஹீபர் என்னும் மண்டபங்கள் அமைக்கப்பெற்றன. மாணவர் ஒருவரையொருவர் வளர்க்கின்றனர் என்பதை அன்றிருந்தோர் அறிந்திருந்தனர்.

இதன் மறுபுறத்தையும் காண்போம். கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1914 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சென்றார். உலகத்தார் விரும்பும் டிரினிட்டிக் கல்லூரியிலேயே அவர்க்கு அறைகள் கிடைத்தன. ஆயினும், சைவ உணவு நியமம் உடையராதலின், கல்லூரிப் பொதுப்பந்தியில் அமராது தம் அறையிலேயே தாமே சமைத்துண்டார். உலகப் போரின் முடைக்காலம் அது. 1917 ஆம் ஆண்டில் நோயுற்று, மருத்துவமனைகளிற் பலகாலம் கழித்து, 1919 ஆம் ஆண்டில் தாயகம் திரும்பி, அடுத்த ஆண்டே தம் 32 ஆம் வயதிற் காலமானார். அந்நோய்க்குத் தனிமையே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. ஆயின், ஹார்டி போன்ற நல்லறிஞர் நட்பிருந்தும், நாள்தோறும் "உண்டீரா?" என வினவ உடனுறைவார் ஒருவர் இல்லாத குறையை எத்துணைச் சிறந்த அறையும் நிரப்பவில்லை என்பது அவர் வரலாற்றைப் படிப்போர்க்குப் புலனாகும்.

ஆதலின், பொருள் உள்ளவரும் பொதுச் சமையலறையோடு கூடிய அறையையே விரும்பித் தேர்க என்கின்றோம். தன் பங்குக்குப் பாத்திரம் கழுவுதல், அயல்நாட்டார் உணவின் மணத்தைப் பொறுத்தல், தன் குழம்பில் ஒரு கரண்டியைப் பிறர்க்கு அளித்தல் ஆகியவற்றை எந்த வகுப்பறையும் கற்பிப்பதில்லை. ஆங்கில மொழியும் விரிவுரை மண்டபத்தினும் அடுப்படியில் விரைந்து வரும். எல்லாவற்றிற்கும் மேலாக, இரண்டு நாள் வெளியே வாராதவரின் கதவைத் தட்டிப் பார்க்க அங்கே ஒருவர் இருப்பார். ஆகவே விடுதியாரிடம் விளையாட்டரங்கும் திரைப்பட அறையும் உண்டோ என்று வினவுமுன், ஒரு சமையலறைக்கு எத்தனை பேர், அங்கே அமர்ந்துண்ண மேசை உண்டா, இரவில் அழைத்தால் வருவதற்குப் பொறுப்பாளர் உளரா என்று வினவுக.

இதற்கு மறுப்பும் உண்டு. பொதுச் சமையலறை அழுக்குறும், உண்பொருள் காணாமற்போம், நள்ளிரவிற் கூச்சல் எழும், ஊன் சமைத்த பாத்திரத்தைச் சைவர் தொடார் என்பர். இவை மெய்யே. ஆயினும், தமக்கெனச் சில பாத்திரங்களைத் தனியே வைத்துக்கொள்ளுதலும், மேற்பட்ட வகுப்பினர் தங்கும் பகுதியைக் கேட்டுப் பெறுதலும் இவற்றுட் பலவற்றைத் தீர்க்கும். நோயுடையார், மணமானவர், ஆய்வு நூல் எழுதி முடிக்கும் தறுவாயில் உள்ளோர் ஆகியோர்க்குத் தனியறை தேவையாகலாம். அவரை நாம் தடுக்கவில்லை. இருபத்திரண்டு வயதில் முதன்முறையாக வீட்டை விட்டுச் செல்வார், தனிமையை ஒரு பெருமையென விலை கொடுத்து வாங்குவதையே வேண்டாவென்கின்றோம்.

இதில் நம் கல்லூரிக் குடும்பத்தினர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. லண்டனில் வாழும் பழைய மாணவர், இளையார் ஒருவர் கடிதம் விடுத்தால், அவர் கருதும் விடுதிக்கு ஒரு சனிக்கிழமை சென்று, படியேறிப் பார்த்து, கண்டதை உள்ளவாறு எழுதுவாராக. நூறு படங்கள் சொல்லாததை அவ்வொரு கடிதம் சொல்லும். ஆசிரியர்கள், சான்றிதழில் ஒப்பமிடும்போதே "எங்கே தங்கப்போகின்றாய்?" என்று கேட்பாராக. பெற்றோரும், தொலைபேசியில் அழைக்குந்தோறும், "அறை வசதியாயிருக்கிறதா?" என்று கேட்பதோடு நில்லாது, "இன்றிரவு யாரோடு உண்டாய்?" என்றும் கேட்பாராக. அவ்வினாவிற்கு ஒரு பெயரை விடையாகச் சொல்லத்தக்க இடத்தையே நம் மாணவர் தேர்ந்துகொள்ளல் வேண்டும் என்பது நமது வேண்டுகோள்.