கடைசி வீட்டுக் குழாயில் அளந்து சொல்லுங்கள்: பெரம்பலூர், அரியலூர் குடிநீர் குறித்து ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். ஃபில்டர் விற்க வந்த இளைஞர், கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கருவியை இரண்டிலும் இறக்கி பிளக்கைச் செருகுகிறார். சற்று நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, கரும்பச்சையாகி, திரிதிரியாகத் திரண்டு நிற்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு மாற்றமும் இல்லை. “இதத்தாங்க்கா இத்தன நாளா குடிச்சிட்டிருக்கீங்க” என்கிறார். அக்கா மிரண்டுபோய் மாதத் தவணைக்குக் கையெழுத்துப் போடுகிறார். டம்ளரில் திரண்ட அழுக்கு தண்ணீரில் இருந்தது அல்ல, கருவியின் இரும்புக் கம்பி கரைந்து வந்தது. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும், கம்பி அரிக்கும். உப்பை நீக்கிய தண்ணீரில் அவ்வளவாகப் பாயாது, நிறமும் மாறாது. பள்ளிக்கூட வேதியியல்தான்.

இந்த வித்தை பெரம்பலூரிலும் அரியலூரிலும் எடுபடுகிறது என்றால் அதற்குக் காரணம் மக்களின் அறியாமை அல்ல. தங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எப்படிப்பட்டது என்று வாசலுக்கு வந்து சொல்கிற ஒரே ஆள் விற்பனைக்காரர்தான். இவ்விரு மாவட்டக் குடிநீர் நுகர்வோருக்காகப் பேசும் இந்த அமைப்பின் நிலைப்பாடு சுருக்கமானது. தண்ணீரின் தரத்தை ஆற்றுக் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் அளந்தால் போதாது, குழாய்ப் பாதையின் கடைசி வீட்டில் அளக்க வேண்டும். அளந்ததை அன்றே அந்தத் தெருவுக்குச் சொல்ல வேண்டும். ஊருக்கு ஊர் ஆர்.ஓ. நிலையம் திறப்பது இதற்கு ஈடாகாது.

முதலில் பூமியைப் பற்றி. கிரெட்டேசியக் காலத்தில் அரியலூர் வட்டாரம் கடலுக்கு அடியில் கிடந்தது. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் இன்று சிமென்ட் ஆலைகள் ஓடுகின்றன. வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும், பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரத்துக்கும் மூலம் அதே கடல்தான். சுண்ணாம்புப் பாறை வழியே ஊறி வரும் போர்த் தண்ணீரில் கால்சியம் தூக்கலாக இருக்கும். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படியும். பச்சைமலையை ஒட்டிய வேப்பந்தட்டைப் பக்கம் கதையே வேறு. அது கடினப் பாறைப் பிரதேசம், பாறை வெடிப்புகளில் நிற்கும் தண்ணீரின் குணமும் அதற்கேற்ப மாறும். இரு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் ‘நல்ல தண்ணீர்’ என்றோ ‘கெட்ட தண்ணீர்’ என்றோ தீர்ப்பு எழுத முடியாது.

பானையில் படியும் அந்த வெள்ளையைக் கண்டுதான் இங்கே பயம் அதிகம். ‘கல்லடைப்பு வரும்’ என்று பாட்டி முதல் பேத்தி வரை சொல்வார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 என்ற குடிநீர்த் தரக் குறிப்பு, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கலாம் என்கிறது. கரைந்த உப்புகளின் மொத்த அளவுக்கு, அதாவது டி.டி.எஸ்.ஸுக்கு, அந்த வரம்புகள் 500, 2,000. உலக சுகாதார நிறுவனமோ கடினத்தன்மைக்கு உடல்நலத்தை வைத்து வரம்பு எதையும் விதிக்கவே இல்லை. சோப்புக்கும் பாத்திரத்துக்கும் கேஸ் செலவுக்கும் கடினநீர் தொல்லைதான், ஆனால் விஷம் அல்ல. வெயிலில் வேலை செய்துவிட்டுப் போதிய தண்ணீர் குடிக்காமல் இருப்பதே சிறுநீரகக் கல்லுக்கு நன்றாகத் தெரிந்த காரணங்களில் ஒன்று.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தண்ணீரில் கால்சியம் மிகுந்தால் ஃபுளோரைடு பொதுவாக அதிகம் கரைந்து நிற்காது. கால்சியம் குறைந்து, வாய்க்கு மென்மையாக இருக்கும் கடினப் பாறைத் தண்ணீரில்தான் அது ஏறுவதற்கு வாய்ப்பு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டி வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை பிடிக்கும், இன்னும் மிகுந்தால் எலும்பு வளையும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் பட்ட பாடு அதுதான். அதற்காகவே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போடப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. நைட்ரேட்டும் நாக்குக்குப் பிடிபடாது. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூர் மண்ணில் போடுகிற யூரியாவில் ஒரு பங்கு நிலத்தடிக்கு இறங்குகிறது, கழிவுநீரும் சேர்கிறது. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்க அந்தத் தண்ணீர் ஆகாது. காய்ச்சினாலும் போகாது, சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். விற்பனைக்காரரின் டி.டி.எஸ். மீட்டர் இவை எதையும் தனியாகப் பிரித்துச் சொல்லாது. கிருமியைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது.

ஒரே நாளில் ஊரையே படுக்க வைக்கக்கூடியது கிருமிதான்.

இரு மாவட்டங்களின் நகரங்களுக்கும் பல கிராமங்களுக்கும் கொள்ளிடம் ஆற்றுப்படுகையிலிருந்து தண்ணீர் வருகிறது. ஆற்று மணல் இயற்கை வடிகட்டி, எடுக்கும் இடத்தில் தண்ணீர் பெரும்பாலும் தெளிந்தே இருக்கும். பிறகு அது நெடுந்தூரக் குழாயில் பயணப்பட்டு, தரைத்தொட்டி, மேல்நிலைத் தொட்டி என்று ஏறி இறங்கி, தெருக்குழாய்க்கு வந்து சேர்கிறது. தினமும் சில மணி நேரமோ, ஒருநாள் விட்டு ஒருநாளோதான் திறந்துவிடுகிறார்கள். மற்ற நேரமெல்லாம் குழாய் வெற்றாகக் கிடக்கும். வெற்றுக் குழாயில் விரிசல் இருந்தால் வெளியில் தேங்கியதை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். போதாததற்கு வேகம் பத்தவில்லை என்று வாசலில் குழி தோண்டி, குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கியிருப்பார்கள். மழை பெய்தால் அந்தக் குழியில் என்ன நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சும்போது, தெருவின் சாக்கடை ஓரக் கசிவும் சேர்ந்தே வரும். ஆக, தொட்டியில் தேறிய தண்ணீர் தெருக்கோடியில் தோற்க நிறைய வழி இருக்கிறது.

இதற்குக் காவல் குளோரின். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் நிற்க வேண்டும், 100 மில்லிலிட்டர் தண்ணீரில் ஈ-கோலி கிருமி ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்பது தரக் குறிப்பு. கிராமத்தில் இந்தப் பொறுப்பு முழுவதும் தொட்டி ஆபரேட்டர் ஒருவரின் கையில். 30,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் போட வேண்டுமானால், 33 சதவீத வீரியமுள்ள புது பிளீச்சிங் பவுடர் சுமார் 180 கிராம் வேண்டும். மூட்டை பிரித்து, ஈரம் பட்டு, வெயில் பட்டு வீரியம் 15 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் அதே வேலைக்கு 400 கிராம். எத்தனை ஊராட்சிகளில் மூட்டையின் தேதியை யாராவது பார்க்கிறார்கள்? ஆபரேட்டர் கைக்கணக்கில் ஒரு குவளை எடுத்து வாளியில் கரைத்து ஊற்றுகிறார். வாடை அடித்தால் ஊரார் அவரைத்தான் பிடித்துச் சத்தம் போடுவார்கள். அடுத்த நாள் அவர் அளவைக் குறைத்துவிடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் அளக்கும் கருவி இல்லாததே குறை.

அளவீடு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது 2022 டிசம்பர் 26 அன்று தெரியவந்தது. அதற்கு முன்பே குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் கண்டிருந்தன. அது சாதிக் கொடுமை, வெறும் சுகாதாரக் குறைபாடாகச் சுருக்கக் கூடாது. ஆனால் தண்ணீர் கெட்டது குழந்தைகளின் உடம்பு வழியாகத்தான் வெளியே வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 2024 டிசம்பரில் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் வயிற்றுப்போக்கும் மரணங்களும் நேர்ந்தபோது, குடிநீரில் கழிவுநீர் கலந்ததே காரணம் என்றார்கள் மக்கள், தண்ணீர் காரணமல்ல என்றது அரசுத் தரப்பு. அந்தத் தெருவின் அன்றாட அளவீடு முந்தைய நாள் வரை எல்லோர் கண்ணிலும் பட்டிருந்தால், வாதத்துக்கு இவ்வளவு இடம் இருந்திருக்காது.

வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு உதாரணம் போதும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்றொரு சிற்றூர், மக்கள் தொகை ஐயாயிரத்துக்குள். 2000ஆம் ஆண்டு மே மாதம் கனமழையில் பக்கத்துப் பண்ணையின் மாட்டுச் சாணம் ஊர்க் கிணற்றுக்குள் இறங்கியது. குளோரின் போதவில்லை, அளக்காமலே அளந்ததாகப் பேரேட்டில் எண்கள் எழுதப்பட்டிருந்தன. ஈ-கோலி இருக்கிறது என்று ஆய்வகம் தண்ணீர் வாரியத்துக்குச் சொல்லிவிட்டது, வாரியம் அதைச் சுகாதாரத் துறைக்குச் சொல்லவில்லை. 7 பேர் இறந்தார்கள், சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். நீதிபதி டென்னிஸ் ஓ’கானர் விசாரணைக்குப் பிறகு, மோசமான முடிவை ஆய்வகமே நேராகச் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. பணமும் ஆய்வகமும் இருந்த நாட்டிலேயே, செய்தி ஒரு மேசையில் தங்கிவிட்டதால் வந்த வினை அது.

நம் நாட்டில் 2019 நவம்பரில் மத்திய நுகர்வோர் விவகார அமைச்சகம் 21 தலைநகரங்களின் குழாய்த் தண்ணீரைச் சோதித்து முடிவை வெளியிட்டது. மும்பை தேறியது, டெல்லியும் சென்னையும் தேறவில்லை. தலைநகரங்கள் பட்டியலில் இடம்பெறும். பெரம்பலூரும் அரியலூரும் ஜெயங்கொண்டமும் அப்படிப்பட்ட பட்டியல்களுக்குள் வருவதே இல்லை.

ஆகவே இந்த அமைப்பு கேட்பது இவைதான். ஒவ்வொரு குழாய்ப் பாதையின் கடைசி வீட்டிலும் தினம் ஒருமுறை குளோரின் அளவு பார்க்கப்பட வேண்டும். மாத்திரையோ சொட்டோ போட்டு நிறம் பார்க்கும் கருவி போதும், பொறியாளர் பட்டம் தேவையில்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டியில் பயிற்சி தர வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. அந்தப் பெட்டி அலமாரியிலிருந்து வெளியே வர வேண்டும், சோதிக்கும் பெண்களுக்குக் கூலி கிடைக்க வேண்டும். ஒடிசாவின் பூரி நகரம் 2021 ஜூலையில் 24 மணி நேரமும் குழாயிலிருந்தே குடிக்கத்தக்க தண்ணீரைத் தரத் தொடங்கியது. அங்கே ‘ஜலசாதி’ என்னும் மகளிர் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய் தண்ணீரைச் சோதிக்கிறார்கள், கட்டணமும் வசூலிக்கிறார்கள். நம் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இது முடியாத காரியம் அல்ல.

தொட்டித் தூணில் கழுவிய தேதியை எழுதி வைக்கும் பழக்கம் இங்கே உண்டு. அதன் பக்கத்திலேயே நேற்றைய குளோரின் அளவையும், கடைசியாகக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம் தந்த ஃபுளோரைடு, நைட்ரேட், டி.டி.எஸ். எண்களையும் எழுத வேண்டும். கோடையில் ஆற்றுத் தண்ணீர் குறைந்து உள்ளூர் போர்த் தண்ணீரைக் கலந்துவிடும் நாளில் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஈ-கோலி தென்பட்டால், ஆய்வக முடிவு கோப்பு வழியாக ஊர்ந்து வரக் கூடாது. அன்றே மாவட்டச் சுகாதார அலுவலருக்கும், ஆட்டோ ஒலிபெருக்கி மூலம் அந்தத் தெருவுக்கும் போய்ச் சேர வேண்டும்.

ஆர்.ஓ. பற்றி ஒரு வார்த்தை. டி.டி.எஸ். 2,000ஐத் தாண்டுகிற, அல்லது ஃபுளோரைடு மிகுந்த போரை விட்டால் வேறு வழியில்லாத ஊருக்கு அது வேண்டும், அதை இந்த அமைப்பு எதிர்க்கவில்லை. கொள்ளிடம் தண்ணீர் வருகிற தெருவில் அது வீண் செலவு. வீட்டு இயந்திரம் ஒரு குடம் தர இரண்டு குடத்துக்கு மேலேயே சாக்கடையில் விடும். கேன் தண்ணீரும் அதனாலேயே பாதுகாப்பு ஆகிவிடாது. 2024 இறுதியில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே அடைத்து விற்கும் குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்திருக்கிறது. வசதியுள்ளவர் கேன் வாங்கிக் கொண்டு ஒதுங்கிவிட்டால், குழாயை நம்பி நிற்கும் வீட்டுக்காகக் கேள்வி கேட்க ஆள் குறைந்துபோகும். இந்த அமைப்புக்கு அதுவே பெரிய கவலை.

வீடுகளின் பங்கும் உண்டு. குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டாதீர்கள். குழிக்குழாயை மேலே உயர்த்துங்கள். தண்ணீர் திறந்த முதல் சில நிமிடம் வருவதைச் செடிக்கு விடுங்கள். மழைநாளில் கொதிக்க வைத்தே குடியுங்கள். குளோரின் வாடை லேசாக அடித்தால் ஆபரேட்டரைத் திட்டாதீர்கள்.

தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22ஐ ஒட்டியும் கிராம சபை கூடுகிறது, நகரங்களில் பகுதி சபை இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள், தங்கள் தெருவின் கடைசிக் குழாயில் நேற்றைய குளோரின் அளவு எவ்வளவு என்று கேட்க வேண்டும். பதில் எண்ணாக வராவிட்டால், எந்தத் தேதியிலிருந்து வரும் என்பதைத் தீர்மானமாக எழுதி வாங்க வேண்டும்.