வீட்டுக்குள் விஞ்ஞானம்: காந்தத்துக்கும் கராம்பு உண்டு



ஸ்கார்ப் கட்டுவதற்குக் காந்த ஊசி பாவிக்கிறீர்களா? ஊசி என்பது பெயர்தான். குத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை. இரண்டு சின்னக் காந்தத் தட்டுகள், நடுவில் துணி. அதைக் கழற்றாமல் துணியை அயன் பண்ணினால் பிடி தளர்ந்துவிடும். பழசாகிவிட்டது என்று எறிந்துவிடுகிறோம். உண்மையில் அதைக் கெடுத்தது வயது அல்ல, சூடு.

இந்தத் தட்டு வெறும் இரும்பு அல்ல. பெரும்பங்கு இரும்பு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நியோடிமியம் என்ற அரிய உலோகம், நூற்றில் ஒரு பங்கு போரான். 1982இல் ஜப்பானின் மஸாட்டோ சகாவா இதைச் செய்தார். அதற்கு முன் வலிமையான காந்தம் என்றால் சமேரியமும் கோபால்ட்டும் கலந்ததுதான். கோபால்ட்டோ விலை கூடியது. மலிவான இரும்பிலேயே செய்ய முடியாதா என்று அவர் யோசித்தார். அந்த ஒரு பங்கு போரான் சேர்ந்த பிறகுதான் இரும்பு அவருக்கு வசப்பட்டது. இரும்பின் பெயரில், அல்ஹதீத் என்று, ஒரு சூராவே இருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு குறை இருந்தது. சாதாரண நியோடிமியக் காந்தம் 80 பாகைச் சூட்டைத் தாண்டினால் தளரத் தொடங்கும். ஆறிய பின்பும் போன பலம் தானாகத் திரும்பாது. ஊசியைப் போல மெல்லிய தட்டானால் இன்னும் சீக்கிரம். அயனின் சூடோ 100 பாகைக்கு மேல்.

இதற்குச் சகாவா கண்ட மருந்து டிஸ்ப்ரோசியம் என்ற இன்னொரு உலோகம். சிறிதளவு சேர்த்தால் காந்தம் 150, 200 பாகை வரை தாங்கும். அப்படியானால் அள்ளிப் போட்டால் என்ன? நெய்ச்சோற்றுக்குக் கராம்பு போடுகிற நமக்கு இதைச் சொல்லவா வேண்டும்? டிஸ்ப்ரோசியத்தின் காந்தம் இரும்பின் காந்தத்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். ஆகவே அது கூடக் கூட இழுக்கும் பலம் குறையும், பிடிவாதம் கூடும். (வீட்டில் பிடிவாதம் ஆகாது. காந்தத்தில் அதுதான் நல்ல குணம்.) கோபால்ட், அலுமினியம், செம்பு, காலியம் என்பவற்றையும் அளந்து சேர்ப்பார்கள். ஈரத்தில் துருப்பிடித்துப் பொடியாகாதிருக்க வெளியே நிக்கல் பூச்சு. பூச்சு உரிந்த ஊசியை இனிப் பாவிக்க வேண்டாம்.

நம் ஊவாத் தோட்டத்துப் பெக்டரிகளுக்கும் இந்தக் கணக்குத் தேவை. கொழுந்தை உருட்டும், வெட்டும் இயந்திரங்கள் தேயத் தேய இரும்புத் தூள் தேயிலையில் விழும். அதைப் பிடிப்பது காந்தம்தான். கொதிநீரை ஒத்த சூடான காற்றில் காய்ந்து வெளியே வரும் இடத்தில் வைப்பதானால் சூடு தாங்கும் தரம் வேண்டும். ஆறிய பிறகு சலிக்கும் இடத்துக்குச் சாதாரணமானதே போதும். தளர்ந்த காந்தம் பார்வைக்கு நல்ல காந்தம் போலவே இருக்கும். பலத்தை அளந்து பார்க்காவிட்டால் இரும்புத் தூள் நம் தேத்தண்ணி வரை வரும்.

டிஸ்ப்ரோசியம் எங்கும் கிடைப்பதில்லை. கன்னியாகுமரிப் பக்கத்து மணவாளக்குறிச்சி மணலில் நியோடிமியம் உண்டு, இது மிகக் குறைவு. சீனாவின் கையில்தான் பெரும்பகுதி. 2025 ஏப்ரலில் அந்நாடு இதன் ஏற்றுமதிக்கு அனுமதிப் பத்திரம் கட்டாயம் என்றதும் பல நாட்டு மோட்டார் வாகனக் கம்பனிகள் திண்டாடின. மாவில் நெய்யைப் பிசையாமல் ரொட்டியின் மேல் தடவி மிச்சம் பிடிப்பது போல, காந்தத்திலுள்ள நுண்மணிகளின் ஓரங்களில் மட்டும் டிஸ்ப்ரோசியம் ஊறச் செய்யும் முறை இப்போது உண்டு.

நல்ல பலமுள்ள ஊசியிடம்தான் அதிக கவனம் வேண்டும். குழந்தை ஒரு தட்டை விழுங்கி, பிறகு இன்னொன்றையும் விழுங்கினால், இரண்டும் குடலின் இரு மடிப்புகளுக்குள் இருந்தபடி ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் அகப்பட்ட குடல் ஓட்டையாகலாம். முதலில் வாந்தியும் வயிற்றுவலியும் மட்டுமே தெரியும். சிலவேளை அதுவும் தெரியாது. வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோய், விழுங்கியது காந்தம் என்று முதலிலேயே சொல்லுங்கள்.