சூடு ஆறட்டும்

கரமனையில் வாழும் நம் சங்கத்து அம்மையார் ஒருவரின் மகன், கோவை செட்டிப்பாளையத்தில் 2003-இல் திறக்கப்பெற்ற கரி மோட்டார் பந்தயத் தளத்தில் தம் சூப்பர்சார்ஜர் காரை ஓட்டிப் பார்க்கப் போகிறார். "நீங்கள் ரெயில்வேக்காரராயிற்றே, அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா தம்பி?" என்று அம்மையார் நம்மைக் கேட்டார். நாம் வெறும் குமாஸ்தா. ஆயினும் 1962 முதல் நம் நாட்டு இருப்புப்பாதைகளில் ஓடிய, டர்போ சூப்பர்சார்ஜர் பூண்ட டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சின் நமக்குக் கற்பித்த பாடம் ஒன்றுண்டு.

காற்றை அழுத்தினால் அது சூடேறும். ஆகவே அவ்வெஞ்சினில், அழுத்திய காற்றை நீரால் குளிர்வித்தே சிலிண்டருக்குள் விடுவர். காருக்கு இண்டர்கூலர் வேண்டுவதும் இதனாலேயே. வீதியில் சிறுபொழுதே எழும் வெப்பம், பந்தயத் தளத்தில் சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகும். வெப்பமுள் ஏறத் தொடங்கினால் வேகம் குறைத்து ஒரு சுற்று மெல்ல வருதல் வேண்டும். ஓடி வந்த எஞ்சினைச் சட்டென நிறுத்தலாகாது. பம்பு நின்றால் நீரோட்டமும் நிற்கும், சூடு உள்ளேயே தங்கும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் ஆகவே ஆகாது. அழுத்தத்தால் 100 பாகைக்கு மேலும் கொதியாதிருந்த நீர், திறந்த கணமே சீறி எழுந்து முகத்தை வெந்துபோகச் செய்யும்.

ஒரு சுற்று குறைந்தால் குற்றமில்லை. கரமனையில் ஒரு தாய் விழித்திருப்பார் என்பதை இளைஞர் மறவாதிருப்பாராக.