கருவியைக் கற்பதா, இலக்கணத்தைக் கற்பதா?

கருவி கைக்கு வந்துவிட்டாற் கல்வி வேண்டியதில்லை என்னும் மயக்கம் கணனித் துறையிற் பரவலாகக் காணப்படுகின்றது. பகுப்பியாக்கியைப் பயிலும் முறையில் இம்மயக்கம் தெளிவாக வெளிப்படுகின்றது. ஒரு செய்நிரல் மொழியின் இலக்கண விதிகளை எழுதிக் கொடுத்தால், அம்மொழித் தொடர்களைப் பகுத்தறியும் செய்நிரலைத் தானே ஆக்கித் தரும் கருவி இது. 1970களிற் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீவன் ஜோன்சன் உருவாக்கிய 'யாக்', அதன் வழிவந்த 'பைசன்' ஆகியன பலரும் அறிந்தவை. மாதிரி விதித்தொகுதி ஒன்றைப் பிரதிசெய்து, பெயர்களை மாற்றி, அது இயங்கக் கண்டதும் கற்றாயிற்று என அமையும் மாணவர் பலர். அவ்வளவே போதும் எனக் கற்பிப்போரும் உளர்.

இதன் விளைவு யாது? இரு கோவைகளுக்கிடையே கழித்தற்குறி வரின் அதுவும் ஒரு கோவையே என்னும் விதியை மட்டும் பைசனுக்குக் கொடுத்தால், '8 - 3 - 2' என்பதற்கு 3 என்ற விடை வாராது. 7 என்றே வரும். பின்னிரண்டு எண்களும் முதலில் இணைந்துவிடுவதே காரணம். இது கருவியின் பிழையன்று. அவ்விதி இரு பொருளுக்கு இடந்தருவது. அத்தகைய இடத்தில், இணைப்பதை ஒத்திவைத்து மேலே வாசித்துச் செல்வது பைசனின் வழக்கம். முரண் உண்டென அது எச்சரிக்கவும் செய்கின்றது. கழித்தல் இடப்புறமாக இணையும் என ஒரு வரி அறிவித்தாற் குறை தீரும். ஆயின் எச்சரிக்கையின் பொருளறியாதவர் அவ்வரியை எங்ஙனம் எழுதுவர்? எதிர்பார்க்கும் முரண்களின் எண்ணிக்கையைக் குறித்து எச்சரிக்கையை அடக்கும் வசதியும் பைசனில் உண்டு. அறிந்தவருக்கு அது வசதி. அறியாதவருக்கோ கருவியின் வாய்க்கு இட்ட பூட்டு.

இம்முரண் தமிழ் மாணவருக்குப் புதியதன்று. 'பழைய மாணவர் சங்கம்' என்பதிற் பழையது எது, மாணவரா சங்கமா? மனிதர் சூழல் நோக்கித் தெளிவர். கருவிக்குச் சூழல் இல்லை, விதியே உண்டு.

கலைப்பீடத்தாருக்கு இதில் என்ன வேலை என வினவுவோர் வரலாற்றை நோக்குதல் வேண்டும். 1956 இல் நோம் சோம்ஸ்கி இலக்கண வகைகளை வகுத்தது மனித மொழியை விளக்கும் பொருட்டே. 1960 இல் வெளிவந்த அல்கோல் மொழி அறிக்கை, ஜோன் பக்கஸ் வகுத்த குறியீட்டு முறையில் அமைந்தது. அம்முறைக்குப் பாணினியின் பெயரையும் சேர்த்து வழங்கலாம் என 1967 இல் முன்மொழியப்பட்டது. எனவே இலக்கணம் ஒரு பீடத்தின் தனியுடைமை அன்று.

குனூ தொகுப்பியே 2004 இற் சி++ மொழிக்கும், 2006 இற் சி மொழிக்கும் பைசனைக் கைவிட்டுக் கையால் எழுதிய பகுப்பிகளை ஏற்றது; பின் இக்கருவியைக் கற்பதேன் என்பார் மற்றொரு சாரார். கருவியைக் கைவிட்டவர் இலக்கணத்தைக் கைவிடவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. கருவியின் எல்லையை அறிந்தமையாலேயே அவர்களால் அதைக் கடக்க முடிந்தது.

ஆதலின் பாடமுறை மாறல் வேண்டும். முதலிற் சிறு இலக்கணம் ஒன்றைத் தாளில் எழுதி, ஒரு தொடரைக் கையாற் பகுத்துக் காண்க. பின்னரே கருவியைத் தொடுக. பரீட்சையும் 'இயங்குகின்றதா' என வினவுவதோடு அமையாது, 'இவ்வெச்சரிக்கை ஏன் எழுந்தது' என வினவுக. அவ்வினாவுக்கு விடை கூற வல்லவரே இக்கருவியைக் கற்றவர்.