மூடியின் வேலை மூடுவது

கார்ச் சக்கரத்தின் வால்வு மூடி தொலைந்துபோனால் மாற்றாக எதை வாங்குவது என்பதை விவாதத்துக்குரிய பொருளாக யாரும் கருதுவதில்லை. நான்கு மூடிகளின் விலை சில கோப்பைத் தேநீரின் விலையைத் தாண்டாது. ஆயினும் இணைய அங்காடி எதிலேனும் தேடிப் பாருங்கள். சிவப்பும் நீலமும் பூசிய அலுமினிய மூடிகள், கார் நிறுவனச் சின்னம் பொறித்தவை, மண்டையோட்டு வடிவிலானவை, இரவில் ஒளிர்பவை, காற்றழுத்தத்தை நிறத்தால் காட்டுபவை, கைப்பேசிக்குச் செய்தி அனுப்புபவை என வரிசை நீள்கிறது. இவற்றுள் பெரும்பாலானவை மூடி என்னும் பெயருக்கே தகுதியற்றவை என்பது என் கருத்து. உள்ளே ரப்பர் வளையம் கொண்ட எளிய கறுப்பு நெகிழி மூடிதான் பெரும்பாலான கார்களுக்குச் சரியான தேர்வு. பொருளறிவியல் பயிலும் ஆய்வு மாணவன் என்ற முறையில் அதற்கான காரணங்களை முன்வைக்கிறேன்.

முதலில் வால்வின் அமைப்பு. நியூயார்க்கில் ஷ்ரேடர் குடும்பத்தினர் 1890களில் உருவாக்கிக் காப்புரிமை பெற்ற வடிவமே இன்றும் ஸ்கூட்டர் முதல் லாரி வரை பயன்படுகிறது. தண்டின் வெளிப்புறத் திருகுமரை ஏறத்தாழ 7.7 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அங்குலத்துக்கு 32 புரிகள். இந்த அளவு பொதுவாக இருப்பதால்தான் எந்தக் கடையில் வாங்கிய மூடியும் எந்த வண்டிக்கும் பொருந்துகிறது. தண்டினுள்ளே சுருள்வில்லால் இழுத்துப் பிடிக்கப்பட்ட ஊசியொன்று உண்டு. பஞ்சர் கடைகளில் ‘வால்வு பின்’ என்று கேட்டால் கிடைக்கும் பகுதி அதுவே. அதை அழுத்தினால் வழி திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். மிதிவண்டிக்கு ‘வால் டியூப்’ மாற்றி வளர்ந்தவர்களுக்கு ஒரு ரப்பர்த் துண்டு எவ்வளவு காற்றைத் தடுத்து நிறுத்தும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆக, காற்றைத் தடுப்பது முதன்மையாக உள்ளிருக்கும் பின்தான். மூடிக்கு இரண்டு வேலைகள். தூசியும் சேறும் ஈரமும் உள்ளே புகாமல் காப்பது ஒன்று; பின் சற்றே கசிந்தால் இரண்டாம் அடைப்பாக நிற்பது மற்றொன்று. மூடியில்லாத வால்வில் படிந்த புழுதி, அடுத்த முறை காற்றடிக்கும்போது அந்தக் காற்றோடு சேர்ந்து உள்ளே தள்ளப்பட்டுப் பின்னின் இருக்கையில் அமர்ந்துவிடும். மணல் துகள் ஒன்று போதும், கசிவு தொடங்க. தில்லியின் கோடைப் புழுதியிலும் கொங்கணத்து மழைச் சேற்றிலும் ஓடும் வண்டிகளுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. ரப்பர் வளையம் இல்லாத மூடி முதல் வேலையை மட்டும் அரைகுறையாகச் செய்யும். இரண்டாம் வேலையைச் செய்யவே செய்யாது.

அடுத்து உலோக மூடிகள். ரப்பர்த் தண்டுகொண்ட வால்வுகளில் திருகுமரை உள்ள பகுதி பித்தளை. அதன்மேல் பித்தளை மூடி பொருத்துவதில் வேதியியல் சிக்கல் பெரிதாக இல்லை. லாரிகளில் நீண்டகாலமாக அப்படித்தான் இருக்கிறது. ஆனால் டயர் அழுத்தக் கண்காணிப்பு அமைப்புடன் வரும் கார்கள் சிலவற்றில் தண்டு அலுமினியத்தால் ஆனது; அதன் அடிப்பகுதியில் உணர்கருவி பிணைக்கப்பட்டிருக்கும். அலுமினியமும் பித்தளையும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சிறு மின்கலம். அலுமினியம் அரிபடும், அரிப்பின் விளைபொருள் புரிகளுக்கிடையே நிறைந்து மூடியை இறுக்கிப் பிணைத்துவிடும். கடற்காற்றின் உப்பு இதை விரைவுபடுத்தும். மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் கார் வைத்திருப்போர் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். எங்கள் ஆய்வகத் தோழர் ஒருவரின் காரில் அப்படி இறுகிய அலங்கார மூடியைப் பணிமனையொன்றில் குறடு போட்டுத் திருக, தண்டே முறிந்தது. மூடிக்குக் கொடுத்தது நூறு ரூபாய்க்குள். உணர்கருவிக்குச் சில ஆயிரம்.

மூன்றாவது, எடை. இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். யமுனா விரைவுச்சாலையில் கார்களுக்குரிய வேக வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர். டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர் எனவும், வால்வு மையத்திலிருந்து 19 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதாகவும் கொண்டால், அந்த வேகத்தில் மூடியின் மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 165 மடங்கு. ஒரு கிராம் நெகிழி மூடி தண்டை 165 கிராம் எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். பத்துக் கிராம் உலோக மூடியோ உணர்கருவி மூடியோ ஒன்றரைக் கிலோவுக்கும் மேல். ரப்பர்த் தண்டு ஒவ்வொரு பயணத்திலும் வளைந்து நிமிர்ந்து, அடிப்பகுதியில் விரிசல் காண இது போதிய காரணம்.

நான்காவதாக, என் முதன்மையான எதிர்ப்புக்குரியவை: அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களால் காட்டும் மூடிகளும், கம்பியில்லாச் செய்தி அனுப்பும் மூடிகளும். இவை அழுத்தத்தை அறிய வேண்டுமானால் டயரின் காற்று இவற்றை எட்ட வேண்டும். அதற்காக இவை வால்வு பின்னை எப்போதும் அழுத்தித் திறந்தே வைக்கின்றன. விளைவு என்ன? முதன்மை அடைப்பு செயலிழந்தது; இரண்டாம் அடைப்பாக இருக்க வேண்டிய மூடியே ஒரே அடைப்பாயிற்று. மூடி விரிந்தால், கல் தெறித்து உடைந்தால், வளையம் தேய்ந்தால், காற்று இறங்கும். மேலும், நிறம் காட்டும் மூடி ஏதேனும் ஒரு நிலையான அழுத்தத்துக்கென்று செய்யப்பட்டது. காரின் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்ட அட்டவணையோ முன் சக்கரத்துக்கு ஓர் அளவும், சுமை ஏற்றிய பின் சக்கரத்துக்கு வேறோர் அளவும் சொல்லும். அதுவும் குளிர்ந்த டயருக்கான அளவு. வெப்பநிலை 10 டிகிரி செல்சியசு உயர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. உயரும். நண்பகல் வெயிலில் ஓடிவந்த டயரின் மூடி காட்டும் பச்சை நிறம் ஆறுதல் தருமேயன்றி உண்மையைத் தராது.

கண்காணிக்கும் கருவி, தான் கண்காணிக்கும் பொருளைப் பலவீனப்படுத்தக் கூடாது. மதிப்பீட்டுப் படிவங்களை நிரப்புவதிலேயே ஆய்வுக்காலம் கசிந்துபோவதை அறிந்த நமக்கு இந்த விதி புதிதன்று.

‘உள்ளே பொருத்தப்பட்ட கண்காணிப்பு இல்லாத பழைய கார்களுக்கு இத்தகைய மூடி ஒன்றுமில்லாததைவிட மேல் அல்லவா’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாதம் ஒருமுறையும் நெடும்பயணத்துக்கு முன்பும் குளிர்ந்த டயரில் அளவி வைத்துப் பார்ப்பவருக்கு அந்த மூடி தேவையில்லை. பார்க்காதவர், மூடி இருக்கிறதென்ற துணிவில் இன்னும் பார்க்காமலிருப்பார். நடைமுறையில் நான் அஞ்சுவது இதையே. பச்சை மூடி பற்றியும் ஒரு சொல்: நைட்ரஜன் நிரப்பியதன் அடையாளமாகப் பல நிலையங்களில் பச்சை மூடி பொருத்துகிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். மூடியின் நிறம் உள்ளிருக்கும் அழுத்தத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இத்தனை சிறிய பொருளுக்கு இவ்வளவு வாதம் எதற்கு? அழுத்தம் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகையாக மடங்கும். மடங்குவதால் வெப்பம் பெருகும். கோடையில் காங்கிரீட் விரைவுச்சாலையில் அந்த வெப்பமே டயரைப் பிளக்கும். இன்னொன்றும் உண்டு. 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, அழுத்தக் கண்காணிப்பு அமைப்பும் டியூப் இல்லா டயரைச் செப்பனிடும் கருவித் தொகுப்பும் இருந்தால், கார்களில் மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை. அத்தகைய தொகுப்புகள் பலவற்றில் துளையை அடைக்கும் பசைநீர் வால்வின் வழியாகத்தான் டயருக்குள் செலுத்தப்படுகிறது. தண்டு முறிந்தால் பசைநீர் செல்லும் வழியே முறிந்தது. மாற்றுச் சக்கரமும் இல்லாமல் இரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் குடும்பத்துக்கு வால்வு மூடி சிறிய பொருளன்று.

எனவே வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள். முதலில் தண்டு ரப்பரா, உலோகமா என்று பாருங்கள். அலுமினியத் தண்டென்றால் நெகிழி மூடி தவிர வேறெதுவும் வேண்டா. மூடியைக் கவிழ்த்து உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறதா என நோக்குங்கள். இல்லையெனில் திருப்பிக் கொடுங்கள். கையால் மட்டும் இறுக்குங்கள், குறடு வேண்டா. வெயிலில் நெகிழி நொறுங்கும் என்பது மெய்தான். அதற்குத் தீர்வு உலோகமன்று, சில உதிரி மூடிகளை வண்டிக்குள் போட்டுவைப்பது. காற்றடித்த பின் மூடி திரும்பப் பொருத்தப்பட்டதா என்று பாருங்கள்; பெரும்பாலும் மூடிகள் தொலைவது அங்கேதான்.

பஞ்சர் கடைக்காரர் காற்றடித்து முடித்ததும் விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்து, குமிழி எழுகிறதா என்று பார்ப்பார். குமிழி இல்லையென்று கண்ட பிறகே மூடியைத் திருகுவார். கசிவு இருக்கிறதா என்று சோதிப்பது வேறு, அடைப்பது வேறு என்பதும், சோதனை முடிந்ததும் வால்வை மூடிவிட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நூறு ரூபாய் அலங்கார மூடியை வடிவமைத்தவர்கள் அவரிடம் ஒருமுறை கேட்டிருக்கலாம்.