இரசிகன் வாடிக்கையாளன் அல்லன்

நம் நாட்டுக் காற்பந்து அரங்குகள் ஏன் வெறிச்சோடிக் கிடக்கின்றன என்று கேட்டால், கூட்டங்களிலும் நாளேடுகளிலும் ஒரே விடைதான் கிடைக்கிறது. நமக்கு விளையாட்டை விற்கத் தெரியவில்லை என்கிறார்கள். விளம்பரம் போதவில்லையாம், சின்னம் கவர்ச்சியாக இல்லையாம், பெயரை மாற்ற வேண்டுமாம், மக்கள் தொடர்பு அதிகாரிகள் இன்னும் சிலரை அமர்த்த வேண்டுமாம். கால் நூற்றாண்டுக்கும் மேலாக இதே மருந்துதான் புகட்டப்படுகிறது. நோயோ தீர்ந்தபாடில்லை. மருந்தே நோயாகிவிட்டதோ என்று ஐயுறும் உரிமை, சீட்டு வாங்கிப் படியில் அமரும் எளிய இரசிகனுக்கு உண்டு. நான் அந்த இனத்தைச் சேர்ந்தவன். தொழிலால் ஆசிரியன், பாசிர் ரிசில் குடியிருப்பவன், பந்தைக் கண்டால் திருத்த வேண்டிய கட்டுரை ஏடுகளை மறந்துவிடக்கூடியவன்.

'மக்கள் தொடர்பு' என்னும் தொடரைத் தமிழாசிரியர்கள் சற்றே விரித்துப் பார்க்க வேண்டும். மக்களோடு கொள்ளும் தொடர்பு என்று விரியும். மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று மாணவர்க்குச் சொல்லிக் கொடுப்போம். விளையாட்டு வணிகர்கள் இதனை வேறு வகையில் விரிக்கிறார்கள். மக்களைத் தொடர்ந்து சென்று பிடித்து, அவர்தம் பணப்பையைத் திறக்கச் செய்தல் என்பது அவர்களுடைய உரை. உடனிகழ்ச்சிப் பொருளைத் தரும் 'ஓடு' என்னும் சிற்றுருபு இடையிலே தொலைந்து போயிற்று. நம் காற்பந்தின் வீழ்ச்சியும் அந்த உருபு தொலைந்த இடத்திலேதான் தொடங்குகிறது என்பது என் வாதம்.

விற்பனைக் கலை வளராத காலத்தில் நம்மவர் எவ்வாறு இரசிகராயினர்? மலேசியக் கிண்ணப் போட்டி 1921-இல் தொடங்கியது. கிண்ணத்தை அளித்தவர்கள் எச்.எம்.எஸ். மலாயா என்னும் போர்க்கப்பலின் மாலுமிகள். அதுவும் பேரரசின் விளம்பரமே என்று வாதிடுவோர் வாதிடலாம், இருக்கட்டும். முதலாண்டின் இறுதியாட்டத்தில் சிலாங்கூரை 2-1 என வென்றது சிங்கப்பூர். பின்னர் 1973-இல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டபோது, அங்கு எழுந்த முழக்கத்துக்குக் 'காலாங் கர்ஜனை' என்று பெயர் வழங்கலாயிற்று. எந்த நிறுவனமும் அப்பெயரைப் பதிவுசெய்து பரப்பவில்லை. தொண்டை கிழியக் கத்தியவர்கள் ஈட்டிக்கொடுத்த பெயர் அது.

1977 மே மாதம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் பினாங்கை 3-2 என்று வென்று கிண்ணத்தை மீட்ட குழுவை நினைத்துப் பாருங்கள். பயிற்றுநர் சூ செங் குவீ. குழுத் தலைவர் சமது அல்லாப்பிச்சை. கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலைப் புகுத்தியவர் குவா கிம் சோங். பலர் பகலில் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்குச் சென்றவர்கள். அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிகளிலேதான் அவர்களைப் போற்றியவர்களும் ஏசியவர்களும் குடியிருந்தார்கள். ஆண்டுதோறும் அதே சிலாங்கூர், அதே பினாங்கு, அதே ஜொகூர். சென்ற ஆண்டின் தோல்விக்கு இந்த ஆண்டு கணக்குத் தீர்க்க வேண்டும் என்னும் வெறி தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கியது. அண்மையும் தொடர்ச்சியும்தான் இரசிகனை உண்டாக்குகின்றன. இவ்விரண்டையும் எந்தச் சுவரொட்டியிலும் அச்சிட முடியாது.

1994 டிசம்பர் 17 அன்று ஷா ஆலமில் பகாங்கை 4-0 என வீழ்த்தினோம். நான் இளைஞனாக ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த நாட்கள் அவை. பாலம் கடந்து ஆயிரமாயிரமாய்ச் சென்றவர்களின் கதையைக் கேட்டு எங்கள் வகுப்பே பொறாமையில் வெந்தது. அத்துடன் முடிந்தது அந்தக் காலம். சீட்டு வருவாயைப் பங்கிடுவதில் மலேசியச் சங்கத்தோடு பிணக்கு எழுந்தது. ஆட்டச் சூதாட்ட வழக்குகள் நம்பிக்கையை அரித்தன. நாம் விலகினோம். 1996-இல் எட்டுக் குழுக்களோடு எஸ்-லீக் பிறந்தது.

சொந்த லீக் வேண்டும் என்ற எண்ணத்தில் பிழையில்லை. பிறந்த குழந்தைக்குப் பெயர் சூட்டிய முறையைத்தான் பாருங்கள். முதற்பருவம் இரு கட்டங்களாக நடந்தது. ஒரு கட்டத்துக்கு ஒரு பீர் நிறுவனத்தின் பெயர். மற்றதற்கு ஒரு மின்பொருள் நிறுவனத்தின் பெயர். அதே ஆண்டில் தொடங்கிய தென்கிழக்காசியக் கிண்ணமும் 2004 வரை அந்தப் பீரின் பெயராலேயே வழங்கியது. மதுவை விலக்குங்கள் என்று காலையில் பாடம் நடத்திவிட்டு, மாலையில் பிள்ளைகளிடம் 'டைகர் கிண்ணம் வென்றோம்' என்று மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டிய நிலை ஆசிரியனுக்கு. 1998-இல் ஹனோயில் நடந்த இறுதியாட்டத்தில் வியட்நாமுக்கு எதிராக ஆர். சசிகுமாரின் தோளில் பட்டுப் பந்து வலைக்குள் சென்றது. சிங்கப்பூர் வென்ற முதல் வட்டாரக் கிண்ணம் அது. ஒரு தமிழ் இளைஞனின் தோள் தந்த வெற்றி, வரலாற்றேட்டில் மதுப்புட்டியின் பெயரோடுதான் பதிந்திருக்கிறது.

குழுக்களின் பெயர்களோ பருவத்துக்குப் பருவம் மாறும் கடைப்பலகைகள் ஆயின. போலிஸ் குழு ஹோம் யுனைடெட் ஆகி, 2020-இல் தனியார் கைக்குச் சென்றபின் லயன் சிட்டி செய்லர்ஸ் ஆயிற்று. ஆயுதப்படைக் குழு வாரியர்ஸ் ஆயிற்று. மரின் காசல் செங்காங் மரின் ஆகி, செங்காங் பொங்கோல் ஆகி, இறுதியில் ஹவ்காங் யுனைடெட் ஆயிற்று. செங்காங், பொங்கோல் என்று பெயர் தாங்கிய காலத்திலும் அது ஆடியது ஹவ்காங் அரங்கிலேதான். லீக்கே 2018-இல் 'சிங்கப்பூர் பிரிமியர் லீக்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. இங்கிலாந்தின் பெயரை எடுத்துக்கொண்டால் இங்கிலாந்தின் கூட்டமும் வந்துவிடும் என்று எண்ணினார்கள் போலும். பெயர் என்பது நினைவைத் தேக்கி வைக்கும் கலம். கலத்தை அடிக்கடி உடைத்துவிட்டு நீர் தங்கவில்லையே என்று ஏங்குவது என்ன அறிவுடைமை?

2012-இல் மலேசிய லீக்கில் மீண்டும் ஆட 'லயன்ஸ் பன்னிரண்டு' என்றொரு குழுவை அனுப்பினோம். பன்னிரண்டாம் ஆள் இரசிகன் என்றார்கள். அழகான சிந்தனைதான். அக்குழு 2013-இல் லீக்கையும் 2015-இல் எஃப்.ஏ. கிண்ணத்தையும் வென்றது. அதே 2015-இன் இறுதியில் மலேசியத் தரப்பு உடன்பாட்டைப் புதுப்பிக்கவில்லை; குழு கலைந்தது. பதினோருவருக்கும் வேறு குழுக்களில் இடம் கிடைத்தது. பன்னிரண்டாமவன் எங்கே போனான் என்று கேட்பார் இல்லை.

எங்கள் வட்டாரத்துக் கதைக்கு வருகிறேன். பாசிர் ரிசின் பெயரில் தொழில்முறைக் குழு கிடையாது. பக்கத்துப் பேட்டையின் தெம்பனிஸ் ரோவர்சே எங்களுக்கும் சொந்தக் குழு. பெருவிரைவு ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம். கால் நோகாத இளைஞர் நடந்தே போய்விடலாம். ஆயினும் பழைய தெம்பனிஸ் அரங்கு மூடப்பட்டபின், குழு முதலில் கிளமெண்டிக்கும் பின்னர் ஜூரோங் வெஸ்டுக்கும் குடிபெயர்ந்தது. கிழக்கு-மேற்கு ரயில்தடத்தின் கிழக்கு முனையில் வாழும் நாங்கள், 'எங்கள்' குழுவின் 'சொந்தத்' திடலைக் காண, பாசிர் ரிசில் ஏறிப் பூன் லே வரை 26 நிறுத்தங்கள் பயணம் செய்து, அதன்பின் பேருந்தும் பிடிக்க வேண்டியிருந்தது. தீவின் இப்புறக் கடலோரத்திலிருந்து அப்புறத்துக்கு.

அந்தக் காலத்திலேதான், 2016 சனவரியில், முன்னாள் ஆர்சனல், லிவர்பூல் ஆட்டக்காரர் ஜெர்மைன் பென்னன்ட் தெம்பனிஸ் குழுவில் ஒப்பந்தமானார். இங்கிலாந்து ஏடுகளிலும் செய்தி வந்தது, நிழற்படங்கள் குவிந்தன. மக்கள் தொடர்புத் துறை தன் வெற்றியைக் கொண்டாடியிருக்கும். அவர் திறமையாளர் என்பதில் எனக்கு மறுப்பில்லை. வந்த வேலையைச் செய்தார். ஆண்டு முடிந்தது, அவரும் போனார், லீக்கை வென்றது ஜப்பானிய அல்பிரெக்ஸ் நீகாத்தா. அவர் பெயரால் அரங்குக்கு வந்த புதியவர்களுள் அவர் போனபின் தங்கியவர் எத்தனை பேர்? புகழை வாடகைக்கு எடுக்கலாம். பற்றை எடுக்க இயலாது. ஒரு நட்சத்திரத்தைக் கொணர்வதற்கு எடுத்த முயற்சியில் பாதியையாவது, தெம்பனிசிலிருந்தும் பாசிர் ரிசிலிருந்தும் ஆட்டநாள்தோறும் பேருந்துகள் விடுவதில் எடுத்திருக்கலாகாதா? 2017-இல் நமது தெம்பனிஸ் நடுவம் திறக்கப்பட்டு, நூலகமும் உணவங்காடியும் நீச்சற்குளமும் சூழ 5,000 இருக்கைகளோடு திடல் அமைந்தது; குழு வீடு திரும்பியது. வலக்கையில் காய்கறிப் பையும் இடக்கையில் பேரப்பிள்ளையுமாக வருவோர் பந்தொலி கேட்டு நின்று பார்க்கும் காட்சிக்கு எந்த விளம்பரம் ஈடாகும்?

புதிய தேசிய விளையாட்டரங்கம் பற்றியும் சொல்ல வேண்டும். 2014-இல் திறக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் பிரேசிலும் ஜப்பானும் அங்கு மோதின. நெய்மார் நான்கு கோல் போட்டார். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். திடலிலோ புல்லைவிட மணலே கண்ணில் பட்டது. நிகழ்ச்சியை விற்றவர்கள் புல்லை வளர்க்க மறந்தார்கள். அடுத்த மாதமே அதே அரங்கில் வட்டாரக் கிண்ணத்தின் முதற்சுற்றோடு நம் குழு வெளியேறியது. பின்னர் ஆர்சனல், மான்செஸ்டர் யுனைடெட், யுவென்டஸ் என்று பெருங்குழுக்கள் கோடைதோறும் வந்தன. 2019-இல் ஹேரி கேன் நடுக்கோட்டிலிருந்து அடித்த கோலை இன்றும் சிலாகிக்கிறார்கள். நானும் கைதட்டினேன். ஆனால் அந்த ஆட்டங்கள் அவர்களுக்குப் பயிற்சி, நமக்குச் சந்தை. அரங்கை நடத்திய தனியார் கூட்டமைப்பின் 25 ஆண்டு ஒப்பந்தம் இடையிலேயே முடிக்கப்பட்டு, 2022 டிசம்பரில் அரசாங்கமே பொறுப்பேற்றது. சமூகத்தின் பயன்பாட்டை மிகுவிப்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று என்பதை விற்பனை வல்லுநர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும்.

"பணமின்றி விளையாட்டு நடக்குமா, ஐயா?" என்று கேட்பார்கள். நடக்காது. ஆட்டக்காரனுக்கு ஊதியம் வேண்டும்; விளக்குக்கு மின்சாரம் வேண்டும்; ஆதரவாளர் வரட்டும், சட்டையில் தம் பெயரைப் பொறிக்கட்டும். மேலே சொன்ன சசிகுமாரே ஓய்வுபெற்றபின் 'ரெட் கார்டு' என்னும் விளையாட்டு வணிக நிறுவனத்தைத் தொடங்கினார். ஆடியவன் வணிகம் கற்றுக்கொள்வதை வரவேற்கிறேன். ஆடாதவர்கள் மட்டுமே அதை ஆள்வதைவிட அது மேல். என் சினம் வணிகத்தின்மீது அன்று. இரசிகனை வாடிக்கையாளன் என்று கணக்கெழுதும் மனப்போக்கின்மீது. வாடிக்கையாளன் சரக்குச் சரியில்லையெனில் அடுத்த கடைக்குப் போவான். இரசிகன் போகமாட்டான். ஐந்து கோலில் தோற்ற மறுவாரமும் நனைந்துகொண்டே வந்து நிற்பான். அவனை வாடிக்கையாளனாக நடத்தினால் நாளடைவில் அவன் வாடிக்கையாளனாகவே மாறிவிடுவான். தொலைக்காட்சியில் இங்கிலாந்துக் கடை இரவெல்லாம் திறந்திருக்கிறது.

முழக்கங்களின் கதையும் இதுவே. 1998-இன் தேசிய தினப் பேருரையில் 'இலக்கு 2010' அறிவிக்கப்பட்டது. 2010-இல் உலகக் கிண்ணம் தென்னாப்பிரிக்காவில் நடந்தபோது நாம் தொலைக்காட்சியின் முன்னே அமர்ந்திருந்தோம். மாறாக, எவரும் திட்டமிடாத ஒன்று 2024 ஜூன் 11 அன்று நிகழ்ந்தது. பாங்காக்கின் ராஜமங்களா அரங்கில் தாய்லாந்திடம் 1-3 எனத் தோற்றோம். ஆயினும் காப்பாளர் ஹசான் சன்னி அடுத்தடுத்துப் பந்துகளைத் தடுத்தமையால் தாய்லாந்துக்குத் தேவையான இன்னொரு கோல் கிட்டவில்லை. சீனா அடுத்த சுற்றுக்குச் சென்றது. சீன நாட்டு இரசிகர்கள் நன்றி சொல்லத் தெம்பனிசில் உள்ள அவருடைய நாசி லெமாக் கடைக்குத் திரண்டு வந்தார்கள். தோற்ற ஆட்டத்திலும் கடமையை விடாத ஒருவனின் நேர்மையை எல்லை கடந்த மக்கள் கண்டுகொண்டார்கள். 2025 நவம்பர் 18 அன்று ஹாங்காங்கை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று, 2027 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றோம். 1984-இல் விருந்தோம்பும் நாடாக ஆடினோமேயன்றி, தகுதிச் சுற்றில் வென்று நுழைந்தது இதுவே முதன்முறை. அக்குழுவை வழிநடத்திய கேவின் லீ, தெம்பனிஸ் ரோவர்சில் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பயிற்றுநராக வளர்ந்தவர். நட்சத்திரமாய் இறக்குமதியானவர் அல்லர்.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். 'நான் போற்றும் விளையாட்டு வீரர்' என்று தலைப்புக் கொடுத்தால் மெஸ்ஸியும் ரொனால்டோவும் ஏடு ஏடாக வருகிறார்கள். சமது அல்லாப்பிச்சையை எழுதும் பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. எழுபதுகளில் வளைந்து செல்லும் உதைகளால் புகழ்பெற்ற எஸ். ராஜகோபாலை எழுதும் பிள்ளை இல்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவரை சென்று ஆடித் திரும்பி, பின்னாளில் தேசியப் பயிற்றுநருமான வி. சுந்தரமூர்த்தியை எழுதும் பிள்ளையும் இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனென்ன? தமிழில் அவர்களைப் பற்றிப் படிக்க என்ன வைத்திருக்கிறோம்? லீக்கின் விளம்பரங்கள் ஆங்கிலம் பேசுகின்றன. தமிழ் அங்கே தலைகாட்டினால் அது பெரும்பாலும் மொழிபெயர்ப்பு நிழலாகவே இருக்கிறது. அதை அவர்கள் திருத்தட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அந்த ஆட்டங்களைக் கண்ணால் கண்ட பாட்டன்மார் பாசிர் ரிஸ் அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்களில் இன்றும் மாலைதோறும் அமர்ந்திருக்கிறார்கள். உயர்நிலை இரண்டாம் வகுப்பு மாணவர் நால்வரை ஒரு குறிப்பேட்டோடு அனுப்பினால் போதும். ஜாலான் புசாரில் யார் எப்படி ஆடினார், எந்த ஆட்டத்துக்கு யார் அழுதார் என்பதையெல்லாம் அவர்கள் சொல்வார்கள். அடுத்த பருவத்தின் வாய்மொழிப் பயிற்சிக்கு இதனை எடுத்துக்கொள்ளும்படி எங்கள் ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். பிற பள்ளிகளும் எடுத்துக்கொண்டு, கிடைப்பதை அனுப்பிவைத்தால், தொகுத்து அச்சிடும் பொறுப்பை நம் எழுத்தாளர் கழகம் ஏற்க வேண்டும்.